பேப்பரில் பதிமூன்று

சாயங்காலம் ஆறே முக்கால். மலையிலிருந்து இறங்குகிற சாலை. மொத்தம் பதினான்கு வளைவு. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம்... ஒன்றுமே இல்லை. பால் வண்டி ஐந்து மணிக்கே இறங்கிவிடும். அதற்கப்புறம் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் கிடையாது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவர் மெக்கானிக். எல்லோரும் அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். அரை நிமிடம் போதும். வண்டியின் வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார்.

பழைய ஜீப் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் கேட்பது ஒரே கேள்விதான். எந்த வருஷ மாடல் எடுக்கலாம்? அவரும் யோசிக்காமல் சொல்வார்.

"பதினொண்ணு என்ஜின் கல்லு மாதிரி. ஆனா அடித்தட்டு துருப்பிடிச்சுடும். பதிமூணு கிடைச்சா கண்ண மூடிட்டு எடுங்க. பன்னெண்டு மட்டும் வேண்டாம்."

பன்னிரண்டாம் வருட வண்டியில் பிரேக் குழாய் சைலன்சருக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடும். சமதரையில் ஒன்றும் தெரியாது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், சூட்டில் உள்ளே ஆயில் கொதித்துவிடும். கொதித்துவிட்டால் காலுக்கடியில் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும். வண்டி நிற்காது. பதிமூன்றில் குழாயை இடம் மாற்றிவிட்டார்கள்.

இது அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் நண்பனிடம் ஒரு ஜீப் இருந்தது. பன்னிரண்டின் கடைசி மாதத்தில் செய்த வண்டி. பதிவானது அடுத்த வருடம். மூன்று மாதமாக விலை போகாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அந்தச் சமயத்தில்தான் ஒரு மாட்டு டாக்டரம்மா காதைத் தேடி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மலைமேல் இருக்கிற பண்ணைகளுக்கெல்லாம் அவள்தான் டாக்டர். கையில் ஒரு நோட்டு, காதோரம் ஒரு பென்சில். பத்துப் பேரிடம் விசாரித்து எழுதி வைத்திருந்தாள். கடைசி முடிவு இவர் சொல்லில்தான்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவர் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, தம்பி வண்டியைக் காட்டலாமில்ல. அவங்க தேடறதும் ஜீப்புதானே."

"அது பன்னெண்டு."

"பேப்பர்ல பதிமூணுன்னு தானே அவன் சொல்றான்."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். டயரைத் தட்டினாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு இவரைப் பார்த்தாள்.

"அண்ணா, இது எந்த வருஷம்?"

"பேப்பர்ல பதிமூணும்மா."

பேப்பரில். அந்த ஒரு சொல்லை முன்னால் போட்டுவிட்டதால் தான் சொன்னது பொய் இல்லை என்று அவர் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அவள் சிரித்த முகமாக எழுதிக்கொண்டாள். வண்டி போய்விட்டது.

குழாயை இடம் மாற்ற அரை நாள் வேலை. அடுத்த வாரம் ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை வரவழைத்து மாற்றிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது... போனை எடுப்பார். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? வைத்துவிடுவார்.

இரண்டு மாதம் கழித்து, விடியற்காலையில் போன் அவருக்கு வந்தது. ஒன்பதாவது வளைவில் ஒரு ஜீப். இழுத்து மேலே ஏற்ற ஆள் வேண்டும்.

போனார். டாக்டரம்மாவின் உடலைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். வண்டிக்குள் முழங்கை வரை நீளமான ரப்பர் கையுறை ஒன்று கிடந்தது. ஏதோ கன்றுக்குட்டியை இழுத்துப் பிறக்கவைத்துவிட்டு இறங்கியிருக்கிறாள். பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார். மிதி தரையோடு தரையாகக் கிடந்தது.

போலீஸ்காரர்கள் சாலையில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு உண்டு. வண்டி செய்த மாதமும் வருடமும் அதில்தான் அடித்திருக்கும். அவர் உளியை எடுத்தார். டக்... டக்... இரண்டே தட்டு. தகடு சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"என்ன மாடல்?" என்று அதிகாரி கேட்டார்.

"பதிமூணு."

இந்தத் தடவை பேப்பரில் என்றுகூடச் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பாலத்தின்மேல் நிறுத்தி, தகட்டை ஆற்றில் போட்டார்.

அப்புறம் ஐந்து வாரம் போயிருக்கும். மலைமேல் மர ஆலையில் ஒரு ஜீப்பைச் சரிசெய்துவிட்டு, ஓட்டிப் பார்த்தபடியே தனியாக இறங்கிக்கொண்டிருந்தார். நான் முதலில் சொன்ன அதே ஆறே முக்கால். ஒன்பதாவது வளைவு நெருங்கும்போது மூக்கில் ஏதோ பட்டது. பினாயில் வாசனை. அதோடு நனைந்த மாட்டின் வாடை. அதற்கடியில், கண்ணை எரிக்கிற மாதிரி... கொதித்த பிரேக் ஆயில்.

நிறுத்தினார். இறங்கிக் கீழே கைவிட்டுக் குழாயைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது. அந்த வண்டி பதினான்கு. அதில் ஆயில் கொதிக்க வழியே இல்லை.

ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகக் கை போனது. அப்போது... பக்கத்து இருக்கையின் ஸ்பிரிங் கிறீச்சென்று அமுங்கியது. ஒரு ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு. கதவு திறக்கவே இல்லை.

அவர் திரும்பவில்லை.

"அண்ணா... ஒரு யோசனை கேக்கணும்."

முதல் நாள் வந்தபோது பேசிய அதே குரல். அதே மரியாதை.

"ஜீப் வாங்கலாம்னு இருக்கேன். எந்த வருஷம் எடுக்கலாம்?"

முன்னால் சாலையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"பன்னெண்டு வேண்டாம்மா."

பென்சில் தாளில் ஓடுகிற சத்தம்... சர், சர்ரென்று.

"ஏன்?"

சொன்னார். குழாய், சைலன்சர், ஆயில், இறக்கம், ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்லப் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது.

"பன்னெண்டுன்னு எப்படிண்ணா கண்டுபிடிக்கறது?"

"என்ஜின் பக்கத்துல ஒரு தகடு இருக்கும்மா. அதுல..." சாவியிலிருந்து கையை எடுத்தார். "அதை நான் பேத்து எடுத்துட்டேன். ஆத்துல போட்டுட்டேன்."

பென்சில் நின்றது.

"சரிங்கண்ணா."

கோபம் இல்லை, அழுகை இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஸ்பிரிங் மெல்ல மேலே எழும்பியது. மிச்சம் ஐந்து வளைவு. முதல் கியரிலேயே உருட்டி, வீடு வந்து சேர மணி ஒன்பதாகிவிட்டது.

மறுநாள் காலையில் போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சொன்னார். தகடு எங்கே என்று கேட்டார்கள். ஆற்றில் என்றதும், எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து நேரே டாக்டரம்மாவின் அப்பாவைப் பார்க்கப் போனார். அவர் தையல்காரர். மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவர், இவர் யாரென்று தெரிந்ததும் காலை நிறுத்தினார்.

இவர் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்துபோய் அந்த நோட்டை எடுத்து வந்தார்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு விஷயம் புரியவே மாட்டேங்குது. பன்னெண்டு வேண்டாம்னு எழுதி வெச்சிருக்கா. ஏன் வேண்டாம்னும் எழுதியிருக்கா. குழாய், ஆயில், இறக்கம்... எல்லாத்தையும். இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு எதுக்காக அதையே வாங்கினா?"

கடைசிப் பக்கம். அவள் கையெழுத்துதான். முந்தின நாள் சாயங்காலம் இவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இருந்தது. என்ஜின் பக்கத்தில் ஒரு தகடு இருக்கும் என்பது வரைக்கும். அதற்கப்புறம் வெற்றுத்தாள்.

யோசித்துப் பாருங்கள். 'ஆமாம், தெரிந்தேதான் வாங்கினாள்' என்று தலையாட்டினால் போதும். பழி போய்விடும். தையல்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவங்களுக்குத் தெரியாதுங்க," என்றார் காது. "எனக்குத்தான் தெரியும். நான் சொல்லலை."

அப்பா நோட்டை மூடினார்.

"இந்த ஊர்ல இன்னும் எத்தனை பன்னெண்டு ஓடுது?"

"பதினோரு வண்டி இருக்கும்."

"அப்ப இங்க எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"

பதினோரு வீட்டுப் படியும் ஏறினார். தானே குழாயை மாற்றிக் கொடுத்தார். என் நண்பனும் கூடவே போய் விளக்குப் பிடித்தான். அவனுக்கும் தூக்கம் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. அக்கா மட்டும் அந்த வண்டிப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள். காது, இன்ன வருஷம் எடு என்று யாருக்கும் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் பட்டறைக்கு வந்தார். வெளியூர்க்காரர். பழைய ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ரொம்ப நன்றிங்க. மேல ஒரு பன்னெண்டு வாங்கத்தான் போனேன். ஒம்பதாவது வளைவுல உங்க கடை அம்மா கையக் காட்டி நிறுத்தினாங்க. குழாய் சமாச்சாரம் எல்லாம் எவ்வளவு விவரமாச் சொன்னாங்க தெரியுமா. அவங்க பேச்சைக் கேட்டு இந்தப் பதிமூணை எடுத்தேன்."

"எந்த... அம்மா?"

"கையில நோட்டு, காதோரம் பென்சிலோட நின்னாங்களே. உங்ககிட்டத்தான் கத்துக்கிட்டேன்னு சொன்னாங்க."

காது கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மேசைமேல் வைத்தார். வந்தவர் கிளம்பி, வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பினார்.

"மறந்துட்டேன் பாருங்க. உங்களுக்கும் ஒரு ஜீப் பார்த்து வெச்சிருக்காங்களாம். எந்த வருஷம்னு கேட்டேன்... அதை அவங்களே வந்து சொல்றாங்களாம்."