சனிக்கிழமைச் சாட்சி

பிளாஸ்டிக் நாற்காலி வாங்கும்போது கை வைத்ததாக மட்டும் வாங்கக் கூடாது, சுவாமி. இடத்தை அடைக்கும், போதாததற்கு ஆட்கள் வசதியாகச் சாய்ந்து குறட்டை விடுவார்கள். பெரியவர்களுக்கான மறைக்கல்வி நிலையத்தைத் தொடங்கிய புதிதில் எனக்கு இது தெரியாது. கோவிலுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையை ஒழித்துவிட்டு, விசுவாசப் பிரமாணத்தை வரிவரியாக விளக்கிக்கொண்டிருந்தேன். பத்துப் பேர் வந்தால் அதிகம். அதிலும் பாதி, வீட்டில் மருமகளோடு ஒத்துப்போகாதவர்கள். இன்று மூன்று மாடி. ஆயர் உங்களை அனுப்பியது தையல்காரம்மாவைப் பற்றி விசாரிக்க என்று தெரியும். நிலையத்தின் கதையும் அந்தம்மாவின் கதையும் ஒன்றுதான்.

பீடத்துணி தைத்துக் கொடுக்கும் விதவை அவர். ஒரு சனிக்கிழமை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. யாராவது சாட்சி சொல்லுங்கள் என்றேன். அவர் எழுந்தார்.

"எனக்கு ஒரே மகன். கோபத்துல என்னை அடிச்சிட்டான். அடிச்ச வெக்கத்துல விடியிறதுக்குள்ள வீட்டை விட்டுப் போயிட்டான். அவன் வருவான். அதனால ராத்திரியில கதவுக்குத் தாழ்ப்பாள் போடுறதில்லை."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரம் வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிவந்தார்கள். அதற்கடுத்த வாரம் உட்கார இடமில்லை. கோவில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் வந்து அழுதுவிட்டு, அப்படியே என் வகுப்பிலும் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் பொறாமைப்படவில்லை. ஆண்டவர் யாரை வேண்டுமானாலும் பயன்படுத்துவார்.

முதல் மாடி எழும்பிய சமயத்தில் மகன் வந்தான். காலை வேளை, அலுவலகத்தில் நான் மட்டும். பழைய வீட்டை இடித்துவிட்டார்கள், அம்மா எங்கே என்று கேட்டான். தெருவில் யாரையும் விசாரிக்கவில்லையா என்றேன்.

"யாரையும் பார்க்க எனக்கு மூஞ்சி இல்லை, உபதேசியாரே. பெத்தவ மேல கை நீட்டினவன் நான்."

அவர் இரண்டு தெரு தள்ளி, தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் ஓடி வந்திருப்பார். ஒரு சனிக்கிழமை முழுக்கக் கண்ணீரும் கைதட்டலுமாக இருந்திருக்கும். சரி, அதற்கடுத்த சனிக்கிழமை? மகன் வந்துவிட்ட தாய் எதற்குச் சாட்சி? இப்படி நிதானமாக யோசித்துத்தான் அம்மா போய்விட்டார் என்று சொன்னேன்.

கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றான். எங்கள் பங்கில் அந்தம்மாவின் ஞானப்பெயர் ஏழெட்டுப் பெண்களுக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்லறைத் தோட்டத்தில் அதே பெயருள்ள ஒருத்தியின் கல்லருகே கூட்டிப்போனேன். அவன் மண்ணில் விழுந்து அழுதான். நான் பக்கத்தில் நின்று மரித்தோருக்கான ஜெபம் சொன்னேன். அங்கே கிடந்த ஆத்துமாவுக்கும் அது வீண்போயிருக்காது.

"என்னை மன்னிச்சாங்களா?" என்று கேட்டான்.

மன்னித்தார் என்றால் சொந்தபந்தங்களைத் தேடிப் போவான், ஊரிலேயே தங்கிவிடுவான். அதனால், "கடைசி வரைக்கும் உன் பேச்சையே எடுக்கலைப்பா" என்றேன். அன்று மதியமே பஸ் ஏறிவிட்டான்.

அதற்குப் பிறகு வருடம் தவறாமல் எனக்குப் போன் செய்து, தாயின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை வைக்கச் சொல்வான். நான் மறைக்கவில்லை. பூசைக் காரியத்தில் என்னிடம் பொய் புரட்டு கிடையாது. யாருக்காகப் பூசை என்ற கருத்தை அப்படியே சாமியாரிடம் கொடுப்பேன்; பீடத்தில் அந்தப் பெயர் வாசிக்கப்படும். தையல்காரம்மா முன்வரிசையில் முழங்காலில் இருப்பார்.

ஒரு முறை பூசை முடிந்து என்னிடம் வந்து சொன்னார்: "யாரோ என் பேருக்காரி. குடுத்து வச்சவ. செத்த பிறகும் மகன் மறக்காம பூசை வைக்கிறானே. என்னோடவன் எங்க இருக்கானோ."

"அந்தப் பிள்ளைக்காகவும் ஜெபம் பண்ணுங்கம்மா" என்றேன். பண்ணினார். சொன்ன பேச்சைத் தட்டாத பெண்மணி.

நடுவில் ஒரு தடவை மனம் விட்டுப்போய், இனிச் சாட்சி சொல்லமாட்டேன், வாய் வலிக்கிறது என்றார். அவன் ஜாடையில் ஒருத்தனை ரயில் நிலையத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார் என்று சொல்லிவைத்தேன். அந்த வாரம் அவர் பேசியதைப் போல அதற்கு முன் பேசியதில்லை. இரண்டாவது மாடி அந்தப் பேச்சில் எழுந்தது என்றே சொல்லலாம்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துடுவான்ல, உபதேசியாரே?" என்று கேட்டார். அவன் நம்பர் என் சட்டைப் பையில் இருந்த போனிலேயே இருந்தது. ஆனால் இறுதி மூச்சுவரை காத்திருந்த தாய் என்று சொல்ல முடிந்தால் அது எத்தனை பேரை மனந்திருப்பும், யோசித்துப் பாருங்கள். "வருவான்மா" என்றேன். கதவைப் பார்த்தபடியே போனார்.

மூன்றாவது மாடிக் கூடத்துக்கு அவர் பெயரையே வைத்து, படத்தைப் பெரிதாக மாட்டினேன். கீழே இறந்த தேதியும் போட்டேன். இந்த வருடம் பூசைக்கு அவன் போன் செய்யாமல் நேரில் வருவான் என்று நான் கண்டேனா? அன்பினால் மாட்டிய படம் அது. அதன் முன்னால்தான் அவனைத் தரையிலிருந்து தூக்கியிருக்கிறார்கள்.

எல்லாம் நான் செய்ததுதான், சுவாமி. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். அவன் பங்குத்தந்தையின் அறையில் யாரோடும் பேசாமல் கிடக்கிறானாம். என்மேல் கோபம் இருக்கும், அது நியாயம்தான். கொஞ்சம் ஆறட்டும். பிறகு நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லி, ஒரே ஒரு சனிக்கிழமை அவனை மைக் முன்னால் நிற்க வையுங்கள். அந்தம்மா போனதிலிருந்து கூட்டம் பாதியாகிவிட்டது.