மைக் இல்லாமல் கேட்க வேண்டிய மன்னிப்பு

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் முத்துராமன் ஐயா அவர்களே, சம்சுன்னிசா அம்மையாரின் துணைவர் ஒலி முகம்மது அவர்களே, மகள் யும்னா, வேலை முடிந்த கையோடு இந்த இரங்கல் கூட்டத்துக்காகத் தேக்காவுக்கு ஓடிவந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே!

சற்று முன் என்னை "அம்மையாரின் நீண்டகால நண்பர், நகைச்சுவைத் தென்றல் அழகப்பன்" என்று அறிமுகப்படுத்தினார்கள். இரண்டும் பொய். தென்றல் பட்டம் நானே அச்சடித்துக்கொண்டது. நண்பரும் இல்லை, ஏழு ஆண்டுகளாக அவரிடம் போய்வந்த நோயாளி. நோயின் பெயர் இருமுனைக் கோளாறு. சில வாரங்கள் வானத்தில் பறப்பேன். சில வாரங்கள் பல் துலக்கக்கூட எழ மாட்டேன்.

இது என் மனைவிக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு, வியாழக்கிழமைகளில் நான் போனது மூட்டுவலிச் சிகிச்சைக்கு! மனைவியின் அக்காள் சாமுண்டீஸ்வரி அதை நம்பி ஏழு ஆண்டுகளாகத் தைலம் வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறார். அந்தப் பக்கம் நான் திரும்பப்போவதில்லை. எந்தக் கால் என்று மறந்துபோய் மாற்றி மாற்றி நொண்டினேனே அக்கா, அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?

முப்பத்திரண்டு ஆண்டுகள் மனநலத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர் சம்சுன்னிசா அம்மையார். என்ன ஓய்வு! கடை மாடியில் ஓர் அறை, பன்னிரண்டு நாற்காலிகள், ஒரு பெரிய தேநீர்ப் பாத்திரம். வியாழன்தோறும் என்னைப் போன்ற நோயாளிகள் அங்கே கூடி மனம்விட்டுப் பேசுவோம். வந்தவர் தமிழரா, மலாய்க்காரரா, ஊரிலிருந்து நேற்று வந்தவரா என்று பார்த்தாரா? பசிக்கிறதா என்றுதான் பார்த்தார். எங்களுக்கு அவர் லாத்தா. நாகூர்க்காரர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

டாக்டர் எழுதிக் கொடுத்த லித்தியத்தை நான் போட மறுத்த நாள் நினைவிருக்கிறது.

"மாத்திரை போட்டா காமெடி வராது லாத்தா."

"இப்ப மட்டும் வருதா லா?"

அப்புறம் அவரே தேநீர் ஊற்றிக் கொடுத்துக் கேட்டார். "தம்பி, தோ பாயோல உங்க அடுக்குமாடி புளோக் கீழ புல்லுல ஒரு குறுக்கு வழி இருக்குல்ல? அது யாரு போட்டா?"

"யாரும் போடல. ஆளுங்க நடந்து நடந்து விழுந்தது."

"மூளையும் அப்படித்தான். பழகின தடத்துலயே ஓடும். மாத்திரை வேலி மாதிரி, ஓட விடாம நிறுத்தும். புதுத் தடத்துல நடக்க வேண்டியது நீங்க. நேரத்துக்குத் தூங்குங்க, நேரத்துக்கு எழுந்திரிங்க, ரத்தப் பரிசோதனைக்கு டிமிக்கி கொடுக்காதீங்க. பழைய தடத்துல மெல்லப் புல்லு முளைக்கும்."

"முழுசா மறைஞ்சிடுமா?"

"அப்படி யாரு சொன்னா? மழை நாள்ல கால் தானா அங்கதான் போகும். வேலி அது பாட்டுக்கு இருக்கட்டும்."

எத்தனை பேருக்குப் புதுத் தடம் போட்டுக் கொடுத்த கை அது! அந்தக் கைக்கு நான் செய்தது என்ன?

அந்த அறைக்கு இருந்தது ஒரே ஒரு விதி. அங்கே பேசியது படி இறங்கக் கூடாது. பூன் லேயிலிருந்து கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவர் வருவார். பெயரை இன்று சொல்ல மாட்டேன். ஒருமுறை செய்த வேலை போதும். நோய் உச்சத்தில் இருந்தபோது விடுதியில் இருந்த நாற்பது பேர் துணிகளையும் தானே இஸ்திரி போட்டு அடுக்கியதை, அழுதுகொண்டு எங்களிடம் சொன்னார்.

அடுத்த பொங்கல் விழா மேடையில் "இஸ்திரிக்கார அண்ணன்" என்று நான் நடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொசுவலைக்குக்கூட இஸ்திரி போட்டேன். முன்வரிசையே குலுங்கியது. உங்களைக் குறை சொல்லவில்லை, உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர் கூட்டத்தில் இருந்தார். விடுதி அறைத்தோழர்களோடு வந்திருந்தார். "அண்ணே, இது நம்ம கதையாச்சே!" என்று ஒருவன் அவர் தோளில் தட்டினானாம். அதோடு வியாழக்கிழமை வருவதை நிறுத்தினார். மாத்திரையையும் நிறுத்தினார். ஏழாவது வாரம் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

லாத்தா என் வீட்டுக்கே வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்!

"போய் மன்னிப்புக் கேளுங்க தம்பி. நேர்ல. மைக் இல்லாம."

"அடுத்த வாரம் போறேன் லாத்தா."

நான் போகவில்லை. அவர் போனார். முட்டிவலி உண்மையாகவே இருந்த அந்த அம்மாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேருந்து ஏறிப் பூன் லே காப்பிக்கடையில் அந்த மனிதருக்கு எதிரே உட்கார்ந்தார். முதல் மாதம் அவர் பேசவே இல்லையாம். ஆனால் மெல்ல மாத்திரைக்குத் திரும்பினார், தூக்கத்துக்குத் திரும்பினார், வேலைக்கும் திரும்பினார். எங்கள் அறைக்கு மட்டும் திரும்பவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமா?

இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு வியாழனும் தேநீர் தரும்போது லாத்தா கேட்டார்: "போனீங்களா?"

"அடுத்த வாரம்."

போன மாதம் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். கேட்க ஆளில்லை.

அன்பர்களே! இத்தனை பேர் முன்னிலையில், அந்தச் சகோதரரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். தெரிந்தே செய்தேன், கைதட்டலுக்காகச் செய்தேன், பிறகு கோழையாக ஒளிந்தேன். லாத்தாவின் மாடி அறை மூடப்படாது! வியாழன்தோறும் கதவை நான் திறப்பேன், நாற்காலிகளை நான் போடுவேன், அந்த ஒரு விதியை உயிராகக் காப்பேன் என்று இந்த அவையில் உறுதி சொல்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. இந்தக் கூட்டத்துக்கு ஆட்களை அழைக்க யும்னா பெயர்களைப் பிரித்துக் கொடுத்தபோது, பூன் லேக்காரரின் எண்ணை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்னும் அழைக்கவில்லை.