கட்டைவிரல் தடம்

— ஐயா, தொடக் கூடாதுங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் வாங்க.

— கோவிச்சுக்காதீங்க சார், இவர் எங்கப்பா. அந்த வெண்கலச் சிலை, எங்கம்மாவைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே இவர் செஞ்சது. எதிர்ல நிக்கிற சுட்ட மண் சிலை நான் செஞ்சது. ரெண்டையும் எதிரெதிரா வெச்சா ஒண்ணோட ஒண்ணு பேசும்னு மியூசியத்துல கூப்பிட்டாங்க. இப்ப இவருக்குத்தான் ஞாபகம் வர்றதும் போறதுமா இருக்கு.

— புரியுது மேடம். ஆனா கேமரா ஓடுது. ஏதாவது ஒண்ணுன்னா என் தலைதான் உருளும்.

— நான் பாத்துக்கிறேன். அப்பா, இப்படி வாங்க. இந்த வெண்கலம் யார் செஞ்சதுன்னு தெரியுதா?

— எவனோ கெட்டிக்காரன். அரம் போட்டுத் தேய் தேய்னு தேச்சே உயிரை எடுத்துட்டான். கை பட்ட இடமே தெரியல பாரு.

— அது உங்களோடதுப்பா.

— போம்மா, வேலையத்துப் போய். என்னோடது இதோ, இந்த மண்ணு.

— இதுவா?

— பின்ன? இந்தத் தோளை அழுத்தும்போது மூச்சை அடக்கிட்டுல்ல அழுத்தினேன்.

— மண்ணு அச்செடுக்கத்தான், எடுத்ததும் உடைச்சுப் போட்டுடணும்னு சொன்னவர் நீங்க. என் முதல் கண்காட்சிக்கு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனவரும் நீங்கதான்.

— நானா? சேச்சே, நான் அப்படிப்பட்ட ஆளே இல்ல.

— அப்பா, இதை நான் செஞ்சேன். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.

— என் வேலையை நானே மெச்சிக்கிறதா? நாலு பேர் சிரிப்பாங்கம்மா.

— சரி, இந்தக் குழி என் கட்டைவிரல் பதிஞ்சது. உங்க விரலை வெச்சுப் பாருங்க.

— மேடம், வேண்டாங்க...

— ஒரே நிமிஷம் சார். பாத்தீங்களா? உங்க விரல் உள்ளே போகல. நீங்க செய்யலப்பா.

— அசடு. சூளையில மண்ணு சுருங்குமே. அப்புறம் செஞ்சவன் விரலே அதுல போகாது. எங்கே, உன் விரலை வை. போகுதா?

— போகலப்பா.

— பின்ன என்ன வம்பு பண்றே? ஏன் அழறே, உன்னை ஒண்ணும் திட்டலையே.

— ஒண்ணுமில்ல. நீங்க செஞ்சதாவே இருக்கட்டும். வாங்க, வீட்டுக்குப் போகலாம்.

— இரு, நீ இங்கேதானே வேலை பாக்குறே? ஒரு உதவி பண்ணு. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, அவளும் மண்ணுலதான் செய்வா. ஒரு நாள் அவ கண்காட்சிக்குப் போனேன். வாசல்லேருந்தே பாத்தேன், ஆடிப்போயிட்டேன். உள்ளே போய் அவ முகத்துல முழிக்கத் தைரியம் வரல.

— என்னப்பா சொல்றீங்க?

— இந்த மண்ணுச் சிலை அவளைப் பாத்து நான் காப்பியடிச்சது. அவகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா.