மைனா வந்தா, சிட்டு வந்தா

…பாட்டைக் குறை சொல்றாங்கம்மா, என் பாட்டை! பதினோரு வருஷமா இந்த மூணு வயசு வகுப்புல தினம் காலையில நான் பாடற வரவேற்புப் பாட்டை! ஏய் ஏய், அந்த நாற்காலில உட்காராத, பசங்களோடது, உடைஞ்சிரும்… இப்படி பாய்ல உட்காரு. இன்னிக்குத்தான வேலைக்குச் சேர்ந்திருக்க? நல்ல நாள் பார்த்து வந்த போ.

"வாசல் தாண்டி யாரு வந்தா? மைனா வந்தா, மைனா வந்தா!" அவ்வளவுதான் பாட்டு. பேர் வந்ததும் அந்தப் பிள்ளை எழுந்து கையாட்டணும், மத்ததுங்க கை தட்டணும். கடைசி அடி எனக்கு. எல்லாம் என்னைக் கை காட்டி, "பாட்டு டீச்சர் வந்தாச்சு"ன்னு முடிக்கும். வீட்டுல கூப்பிடற பேரையே பேட்ஜ்ல எழுதணும்னு சட்டம் போட்டதும் நான்தான். ஒரு வாரம் பாடினா போதும்… தூக்கத்துல கூப்பிட்டாக்கூட எழுந்து கையாட்டும்!

இதுல ஒரு இரட்டை. மைனா, சிட்டு. ரெண்டும் ஒரே அச்சு. வேன்ல வரும், வேன்ல போகும். அம்மாக்காரி இன்னி வரைக்கும் ஃபோன்லதான். நேத்து அந்த ஃபோன்ல என்ன கத்து கத்தினா தெரியுமா? மைனாவுக்குக் காய்ச்சலாம், ரெண்டாவது ஊசியாம். அப்பா ரெண்டையும் கூட்டிட்டுப் போயிருக்காரு. நர்சு "மைனா!"ன்னு கூப்பிட்டிருக்கா. சிட்டு எழுந்து, கையாட்டிட்டு, உள்ள போயி… ஊசியைப் போட்டுக்கிட்டு வந்திருச்சு! காய்ச்சல் ஒருத்திக்கு, ஊசி இன்னொருத்திக்கு! பெத்த அப்பனுக்கு அடையாளம் தெரியல, பழி மட்டும் என் பாட்டு மேல!

சிரிக்காதம்மா. நீ சிரிச்சா எனக்கும் வந்துரும்.

என் மேல என்ன தப்புங்கறேன்? மைனாவுக்கு இடது காதுல மச்சம், சிட்டுவுக்கு வலது காதுலன்னு முதல் நாளே அம்மாக்காரி ஃபோன்ல சொன்னா. நானும் ரெண்டையும் எதிர்ல உட்கார வெச்சு, இடது காதுல மச்சமான்னு பார்த்துத்தான் மைனா பேட்ஜைக் குத்தினேன். இடதுன்னா… என் இடது. பிள்ளைங்க வலது கையைத் தூக்கணும்னா எதிர்ல நிக்கற நாம இடது கையைத்தான தூக்கணும்? பதினோரு வருஷமா தூக்கித் தூக்கி எனக்கு இடது வலதே மாறிப் போச்சும்மா.

சிட்டு அப்பவே சொல்லுச்சு. "நா மைனா இல்ல, நா மைனா இல்ல"ன்னு ரெண்டு நாள் அழுதுச்சு. கூச்சம்னு நெனச்சு இன்னும் நாலு தடவை சேர்த்துப் பாடினேன். மூணாவது நாள் எழுந்து கையாட்டிருச்சு. எல்லாரையும் நல்லா தட்டுங்கன்னு வேற சொன்னேன்… பாவம்மா அது. நேத்துலேர்ந்து அந்தக் கைத்தட்டல் என் காதை விட்டுப் போகல.

சரி சரி, இப்போ அம்மாக்காரி நேர்ல வர்றா. என்னைப் பார்த்ததில்ல. இந்தா, என் "பாட்டு டீச்சர்" பேட்ஜ், நீ குத்திக்கோ. பால் வடியற முகம், உன்னைத் திட்ட மனசு வராது. என்ன முழிக்கற? பத்தே நிமிஷம்தான்! ம்… வந்துட்டாங்க.

வாங்கம்மா, வாங்க! இதோ, இவங்கதான் பாட்டு டீச்சர். நான் சும்மா பாய் தட்ட வந்தவ…

ஏய் மைனா… சிட்டு… யாரோ ஒருத்தி, சும்மா இருங்கடி! என்னை எதுக்குடி கை காட்டறீங்க? பேட்ஜ் அங்க இருக்குடி, அங்க! இப்பப் போயா பாடணும்… ஐயோ, கை வேற தட்டுதுங்களே!