நாற்பத்தோரு குடும்பத்தின் காகிதங்கள் பூட்டிப்போனது பற்றி நான் மாற்றிச் சொல்வது

என் பெயர் ரோசரி, தகப்பனார் பெயர் சவரிநாதன். வயது எழுபத்தாறு. முன்பு சுங்காய் பக்கம் ரெட்டைப்பாலத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன், இப்போது சிம்பாங் பூலாய் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். படிப்பு இரண்டாம் வகுப்பு. என் பெயரை எழுதத் தெரியும், மற்றது வாசிக்கத் தெரியாது. இன்று 14.3.2024, வியாழக்கிழமை, யாரும் கூப்பிடாமல் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். நான் சொல்வதை சார்ஜன் புனிதா தமிழில் எழுதிக்கொள்கிறார். மலாயில் பிறகு போடுவதாகச் சொன்னார்.

இந்த மாதம் 6ஆம் தேதி இதே நிலையத்தில், திருக்குமரன் என்பவர் எங்கள் சங்கத்தின் கணினியைக் கெடுத்துக் காகிதங்களைத் திருடிக்கொண்டு போனார் என்று நான் கொடுத்த புகார் பொய். நடந்தது பின்வருமாறு.

தோட்டம் கைமாறி எங்களை வெளியே அனுப்பியபின், வீட்டுமனை கேட்டு நாற்பத்தோரு குடும்பம் சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போட்டிருக்கிறோம். பழைய வேலைச் சீட்டு, ஞானஸ்நானச் சீட்டு, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் படங்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கோயிலுக்குப் பின்னறையில் உள்ள கணினியில் வைத்தோம். அசல் தாள்களைப் பிறகு கறையான் தின்றுவிட்டது. சங்கத்தில் ரகசியச் சொல்லை எழுதி வைக்கும் வழக்கமோ சாவியைப் பலரிடம் கொடுக்கும் வழக்கமோ இல்லை. நான் எதையும் மறப்பதில்லை என்பதால் இரண்டும் என்னிடம் இருந்தன. ரகசியச் சொல் எங்கள் லயத்தில் குடியிருந்தவர்களின் வீட்டு எண்கள், கிழக்கிலிருந்து வரிசையாக.

கணினியை அமைத்துக் கொடுத்தவர் திருக்குமரன். ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறார். அவர் போட்டது காசில்லாத சிஸ்டம். சங்கக் கூட்டத்தில் நான், "சும்மா கொடுக்கிறதுல என்னா இருக்கும்?" என்று கேட்டேன். அவர், "பாட்டி, இதை எப்படிச் செஞ்சாங்கன்னு யார் வேணும்னாலும் திறந்து படிக்கலாம். ஓட்டை இருந்தா ஆயிரம் பேரு கண்ணுல படும், அடைச்சிருவாங்க" என்றார். "யார் வேணும்னாலும்னா திருடனும் படிப்பான்லா," என்றேன். தலைவர் பெர்னார்ட், "அக்கா, திருடன் உங்க வாய்க்குப் பயந்தே வரமாட்டான்," என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். திருக்குமரனும் சிரித்தார். அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

வேறொன்றும் மனதில் இருந்தது. திருக்குமரனின் தாத்தா துரைசிங்கம் எங்கள் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை. 1959இல் என் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அங்கிருந்து கடிதம் வந்தது. வாசிக்கத் தெரியாமல் என் தாய் அதை எடுத்துக்கொண்டு கிராணி வீட்டுக்குப் போனார், நானும் கூடப் போனேன். கிராணி, "அங்கால நில். உன்ர கை பால் நாறுது," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். வேறு ஆள் கிடைத்து வாசிக்க நான்கு நாள் ஆனது. நாங்கள் போனபோது தம்பியைப் புதைத்திருந்தார்கள். இது வழக்குக்குத் தேவையா என்று சார்ஜன் கேட்டார். தேவை, எழுதுங்கள் என்றேன்.

இந்த வருடம் பிப்ரவரியில் அச்சு யந்திரம் அந்தச் சிஸ்டத்தோடு சேராமல் இரண்டு நாள் மக்கர் செய்தது. திருக்குமரன் வந்து சரிசெய்தார். ஆனாலும் எனக்கு அது ஒரு சாக்கானது. கமுந்திங்கில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் என் மருமகன் கோலினிடம் சொன்னேன். அவர், "அத்தை, சும்மா வர்றதுக்கு யாரு லா ஜவாப் சொல்லுவா? கம்பெனி சிஸ்டம் போட்டா கம்பெனி ஜவாப் சொல்லும்," என்றார். அதன் பிறகு இந்த மாதம் 3ஆம் தேதி ஞாயிறு பூசை முடிந்ததும், யாரிடமும் கேட்காமல் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு வீட்டு எண்களை வரிசையாகச் சொன்னேன்.

கணினியில் இருப்பதை நகல் எடுத்து வைக்கும் சின்னப் பெட்டியை வெள்ளிக்கிழமை மட்டும் செருக வேண்டும், மற்ற நாள் கழற்றி அலமாரியில் பூட்ட வேண்டும் என்று திருக்குமரன் எனக்குச் சொல்லியிருந்தார். கோலின் கேட்டதும் அதையும் எடுத்துக் கொடுத்தேன். பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றும்போது கோலின், "இந்தக் காவல் புரோகிராமை நிறுத்தினாத்தான் இது ஏறும்," என்று எதையோ நிறுத்தினார். காவல்காரனை அனுப்பிவிட்டு ஏற்றுகிற சாமான் என்ன சாமான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கிராணி பேரன் போட்டது போய்த் தொலைந்தது என்று சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் திரை சிவப்பாக இருந்தது. காகிதம் ஒன்றும் திறக்கவில்லை. பெட்டி செருகியபடியே இருந்ததால் அதிலிருந்த நகலும் பூட்டிக்கொண்டது. கோலினைக் கூப்பிட்டேன். அவர் போட்டது கம்பெனியிடம் வாங்கியதில்லை, திருட்டுக் காப்பி, அதோடு வந்த வைரஸ்தான் எல்லாவற்றையும் பூட்டிவிட்டது என்று அப்போதுதான் சொன்னார். கம்பெனியில் முறையாக வாங்கியிருந்தாலும் இப்படி ஆகியிருக்காது என்று, நேற்று இரவு நான் உண்மையைச் சொன்னபோது பெர்னார்ட் சொன்னார். அந்தக் கம்பெனி மேல் எனக்குக் குறை இல்லை. குறை என் மேல்தான்.

அதன் பிறகு சங்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்து 6ஆம் தேதி இங்கே வந்து திருக்குமரன் மேல் பழி போட்டேன். அவர் வீட்டில் இன்னொரு நகல் இருக்கிறது, அதுவே அத்தாட்சி என்றேன். எடுத்துப் போனதை உங்களிடம் சொன்னாரா என்று அன்றைக்கு அதிகாரி கேட்டார். "எனக்கு ஞாபகம் இல்ல," என்றேன். அவரை இரண்டு நாள் லோக்காப்பில் வைத்தார்கள். அந்த நகல் இருந்த பெட்டியை எடுத்து வந்து இந்த நிலையத்தில் பூட்டியிருக்கிறார்கள்.

நேற்று அவர் தாய் விமலாதேவி என் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் கம்பிக் கதவைத் திறக்கவில்லை, உள்ளே வா என்று சொல்லவில்லை. அவர், "உங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான் கொண்டுவந்தவன் எண்டு சொல்றான். நீங்கள் ஒண்டும் மறக்கமாட்டீங்களாமே," என்றார். அதன் பிறகு கம்பி வழியாக ஒரு கடிதத்தை நீட்டினார். வாங்கிப் பார்த்துவிட்டு, எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். அவர் அதைத் திரும்ப வாங்கி, வெளியே நின்றபடியே எனக்கு வாசித்துக் காட்டினார். மகனை அலுவலகம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கும் கடிதம். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, மெதுவாக இன்னொரு தரமும் வாசித்தார். அதன் பிறகு படியிறங்கிப் போனார். என் தாய் கிராணி வாசலில் நின்ற மாதிரியே அவர் நின்றார். கதவுக்கு உள்ளே நான் இருந்தேன்.

வழக்கு திங்கட்கிழமை, 18ஆம் தேதி. அதற்குள் இங்கே பூட்டியிருக்கும் பெட்டியைத் திருக்குமரனிடம் கொடுத்துவிட வேண்டுகிறேன். நாற்பத்தோரு குடும்பத்துக்கும் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அவர் அலுவலகத்துக்கும் இந்த வாக்குமூலத்தை அனுப்ப வேண்டுகிறேன். என்னை என்ன செய்தாலும் சரி.

இன்னொரு நகல் உள்ள அந்தப் பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போவதாகத் திருக்குமரன் என்னிடம் சொன்னது ஜனவரி 12, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, மழைத் தூறலில், கோயில் வாசலில். "பாட்டி, இங்க தீப்பிடிச்சாலும் அங்க ஒண்ணு இருக்கும்," என்றார். "கொண்டு போ," என்றேன். நீல நிறச் சட்டை போட்டிருந்தார்.

சார்ஜன் எழுதியதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. இத்தனை வயதில் மறந்துவிட்டேன் என்று நான் சொன்னது அந்த ஒரு தரம்தான். அது பொய், இன்று சொன்னதெல்லாம் உண்மை என்று என் கையாலேயே பெயர் எழுதுகிறேன்.

(கையொப்பம்) ரோசரி