ஈக்கு வைத்த பேர்

மன்னாருக்குப் போகும் தோணியில் எனக்கு முன்னால் இரண்டு பேசாலைக்காரர் இருந்தார்கள். ஒருவன் அருவியாற்றங்கரையில் ஈ பிடிக்கும் வெள்ளைக்காரத் துரையிடம் வேலை செய்தவன். காலெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. மற்றவன் அவனைக் கூட்டிப்போக வந்த மைத்துனன்.

“ஈக்கு இரை என்ர கால்தான், மச்சான். கறுப்பு ஈ கடிக்க வந்து இருந்த உடனை துரை குப்பியாலை மூடிப்போடுவார்.”

“பிடிச்சு?”

“சாதி பிரிப்பார். எங்களுக்கு எல்லாம் ஒரே ஈ. ஈயின்ர காலிலை மயிர் வெள்ளையெண்டால் அவருக்கு அது வேறை சாதி.”

“ஈயிலையுமோ?”

“ஓம். ஒவ்வொண்டுக்கும் லத்தீனிலை ரெண்டு பேர். சுவாமியார் பூசையிலை சொல்லுற அதே லத்தீன்.” அவன் சிரித்தான். “அதை விடு. என்ர பிள்ளை ஆணோ பெண்ணோ? நீ இன்னும் சொல்லேல்லை.”

மைத்துனன் தண்ணீரைப் பார்த்தான்.

“பெட்டை. பிறந்த கையோடை செத்துப்போச்சு. தலையிலை தண்ணி வாத்து ஞானஸ்நானம் குடுக்கக்கூட நேரமில்லை.”

“எங்கை அடக்கம் செய்தனீங்கள்?”

“சேமக்காலை வேலிக்கு வெளியிலை. ஞானஸ்நானம் இல்லாததை உள்ளுக்கு விடமாட்டம் எண்டிட்டினம்.”

“பேர்?”

“ஞானஸ்நானம் இல்லாமல் என்ன பேர், மச்சான்?”

ஈ கடித்த காலை அவன் சொறியத் தொடங்கினான். இரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

“ஈக்கு ரெண்டு பேர்,” என்றான்.