தம்பியின் ஜீப்புக்கு ஒரு மூச்சுக்குழாய்

மூச்சுக்குழாய் வாங்கும்போது மலிவு பார்க்கக்கூடாது. ஆரபி, உமக்குக் கடற்கரை ஊர். வள்ளத்து எஞ்சின் தெரியும். ஜீப்பைப் பற்றி நான் சொல்கிறேன். தேத்தண்ணீரை ஆறவிடாமல் குடியும்.

கடையில் அதை ஸ்நோர்கல் என்பார்கள். எஞ்சினுக்கும் எங்களைப்போல மூச்சு வேண்டும். வழக்கமாக அது முன்சில்லுக்கு மேலே, மட்காட்டுக்குள் இருந்துதான் காற்றை இழுக்கும். தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்தால் தண்ணீரை இழுக்கும். இழுத்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே முடிந்தது. ஸ்நோர்கல் என்பது அந்த மூக்கை முன்கண்ணாடி ஓரமாகக் கூரைவரை உயர்த்துகிற குழாய். அவ்வளவுதான்.

அது ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டீர். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அரை விடை சொல்லிப் பழக்கமில்லை.

முதலில் இந்த வீடு. அப்பா இதை எனக்குச் சீதனமாக எழுதினார். எங்கள் பக்கத்திலும் உங்கள் பக்கத்திலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். எனக்கு மாப்பிள்ளை வரவில்லை. அதில் எனக்குக் குறை இல்லை. தம்பி பிறேம் இருந்தான். காலையில் அவனுக்கு இடியப்பம், இரவில் புட்டு. பண்டத்தரிப்பில் இவ்வளவு அமைதியான வீடு இல்லை என்று எங்கள் போதகர் துரைராஜாவே சொல்லியிருக்கிறார்.

தம்பி கலியாணம் கட்டினால் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். அது வழமை. வழமையை நான் எதிர்க்கவில்லை. கலியாணத்தைத்தான் கொஞ்சம் தள்ளிப்போட்டேன்.

உமக்கு முன்னர் இரண்டு சம்பந்தம் வந்தது. கொக்குவில் ஜெயனியின் தாயாரிடம், பிறேம் நாள்தோறும் குளிசை போடுகிறான் என்றேன். பொய் இல்லை, விற்றமின் குளிசை. என்ன குளிசை என்று அவர் கேட்கவில்லை. அளவெட்டியில் கேட்டார்கள். அங்கே கூடுதலாகக் கதைக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை இப்போது கனடாவில் சந்தோஷமாக இருக்கிறாள். எனக்கும் சந்தோஷம்.

உம்மிடம் கதை எடுபடவில்லை. குளிசை என்றதும் சிரித்தீர்.

"எங்கடை அப்பாவும் ஒரு கை நிறையக் குளிசை போடுறவர், அக்கா. போட்டிட்டுத்தான் கடலுக்குப் போறவர்."

அன்றைக்கே உம்மை எனக்குப் பிடித்துவிட்டது. இதை நீர் நம்பவேண்டும்.

பிறகு நான் மாரி மழையை நம்பினேன். உங்கள் ஊருக்கு ஒரே வீதி. அதன் தாழ்ந்த இடத்தில் மழை தொடங்கினால் தை பிறக்கும்வரை வெள்ளம் நிற்கும். பஸ் ஓடாது. ஆட்கள் வள்ளத்தில் கடப்பார்கள். பிறேம் வள்ளத்தில் கால் வைக்கமாட்டான். ஒரு மாரி முழுக்கக் காணாமல் இருந்தால் உங்கள் இருவருக்கும் மனம் ஆறிவிடும் என்று நினைத்தேன்.

ஒருநாள் புட்டைப் பிசைந்துகொண்டு சொன்னான்: "அக்கா, ஜீப்புக்கு ஸ்நோர்கல் பூட்டப்போறன். கலியாண எழுத்தைக் கார்த்திகையிலையே வைப்பம்."

"பூட்டு," என்றேன். "சாமானை நான் வாங்கித் தாறன்."

எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். கையெல்லாம் புட்டு.

நிறையப் படித்துப் பார்த்துத்தான் தெரிவு செய்தேன். கராஜில் ஒட்டிக் கொடுக்கிற இரும்புக் குழாய் உண்டு. துருப்பிடிக்கும். பார்க்கக் குசினிப் புகைக்கூடு மாதிரி இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக்கும் உண்டு. வெயிலில் வெளிறிவிடும். சிலதுக்குள் காற்றுப் போக வழியே இல்லை, வெறும் அலங்காரம். அவுஸ்திரேலியாவில் செய்தது தடிப்பானது. வண்டியின் உடம்போடு ஒட்டிப் படுக்கும். அதையே எடுக்கச் சொன்னேன்.

"ஏனக்கா வீண்செலவு?" என்றான் பிறேம்.

வீண்செலவு இல்லை. பிறேம் பயந்த பிள்ளை. புகைக்கூட்டோடு போனால் முழங்கால் தண்ணீரிலேயே திருப்பிவிடுவான். நல்ல சாமான் இருந்தால்தான் நம்பி நடுவரைக்கும் போவான்.

கொக்குவிலில் மெக்கானிக் இளையதம்பியின் கராஜில் பூட்டினோம். மட்காட்டில் காகித அச்சை ஒட்டி, அதன்படி துளைக்கவேண்டும். துளைக்கிற சத்தத்தைத் தாங்கமாட்டாமல் பிறேம் ரயில் பாதைவரை நடந்துவிட்டான். இளையதம்பி என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், துளைச்சால் துளைச்சதுதான். பிறகு என்னட்டை வந்து அழக்கூடாது."

"நான் அழுற ஆள் இல்லை. துளையுங்கோ."

மூட்டுகளுக்கு எல்லாம் சிலிக்கோன் பூசினார். காய்ந்தபின் எஞ்சினை ஓடவிட்டு, கூரையில் இருந்த குழாய் வாயை உள்ளங்கையால் பொத்தினார். எஞ்சின் திணறி நின்றது. வேறு எங்கும் காற்றுப் போகவில்லை என்பதற்கு அதுதான் சோதனை. எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது. என் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு செய்முறை காட்டக் கிடைக்கவில்லையே என்று நினைத்தேன்.

கடைசி வேலை ஒன்று இருந்தது. காற்று வடிகட்டிப் பெட்டியின் அடியில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. உள்ளே தப்பித்தவறி வந்த மழைத்தண்ணீர் வடிவதற்கு. ஸ்நோர்கல் பூட்டினால் அதை அடைத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் மூக்கு கூரையில் இருந்தும் பயன் இல்லை. வெள்ளம் அடியால் ஏறிவிடும். இளையதம்பி அதற்கு ஓர் இறப்பர் மூடி போட்டுக் காட்டினார்.

"கனபேர் மறக்கிறது இதைத்தான், ரீச்சர்."

நான் மறக்கவில்லை.

ஜீப் வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக் கமலாவதி மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்தார்.

"என்ன ரீச்சர், வேதக்கார வீட்டிலை பிள்ளையார் தும்பிக்கையோடை வந்து நிக்கிறார்? தேங்காய் ஒண்டு உடைக்கட்டோ?"

"உடைச்சுப்போட்டுப் பாதித் தேங்காயை இஞ்சை தாங்கோ, சம்பலுக்கு," என்றேன்.

பின்னேரம் போதகர் வந்து ஜீப்பின் பொனற்றில் கைவைத்து ஜெபம் பண்ணினார். வெள்ளத்தைக் கடக்கும் நாளில் கர்த்தர் துணையிருக்கவேண்டும் என்றார். நானும் ஆமென் சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

கலியாணத்தைப் பதிகிற எழுத்து நாள் காலை பிறேம் குளிக்கப் போனான். கிணற்றடியில் பாட்டுக் கேட்டது. நான் பொனற்றைத் திறந்து, பெட்டிக்கு அடியில் கையை விட்டு, அந்த மூடியைக் கழற்றினேன். நகம் பட்டதும் வந்துவிட்டது. குப்பையோடு கொளுத்தினேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அவனுடைய பட்டுவேட்டியை மினுக்கினேன். மடிப்புக் கலையாமல் கட்டிவிட்டேன்.

"வெளிக்கிடுங்கோ அக்கா. நீங்களெல்லோ சாட்சிக் கையெழுத்து."

"எனக்குத் தலையிடிக்குது. நீ போ, பின்னேரம் வாறன்."

"வெள்ளத்துக்குள்ளாலை என்னண்டு வருவியள்? பறந்தோ?"

அந்த நேரம் போதகர் வந்து முன் ஆசனத்தில் ஏறினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. எழுத்துக்குப் போதகர் தேவையில்லை. விருந்துக்குத்தான் போனார். அவரை மறிக்க ஒரு காரணம் தேடினேன். வாய்க்கவில்லை. இருவருக்கும் கைகாட்டினேன். பிறகு படலையைச் சாத்திவிட்டு, இரவுக்குப் புட்டு அவிக்க மாவை வறுத்தேன். இரண்டு பேருக்கு.

மிச்சம் உமக்குத் தெரியும். நான் நினைத்தபடி பிறேம் நம்பித்தான் போயிருக்கிறான். தண்ணீர் பொனற்றுக்கு மேலால் ஓடின இடத்தில் எஞ்சின் நின்றது. இருவரும் கூரையில் ஏறினார்கள். ஜீப் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் இழுபட்டது. போதகர் ஸ்நோர்கலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜெபித்தாராம். உம்முடைய பரமலிங்கம் மாமா வள்ளத்தை விட்டுக்கொண்டு வந்து, அந்த நிலைமையிலும் கத்தினாராம்.

"இஞ்சை ஓடிவாங்கோடா. வேதக்காரர் பிள்ளையாரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கினம்."

போதகர் இதைப் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். கோயில் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறேம் உம்முடைய அப்பாவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டான் என்றபோதுதான் சிரிப்பு வரவில்லை. அந்தப் பட்டுவேட்டி நல்ல வேட்டி.

பிறகு நீங்கள் ஜீப்பை இளையதம்பியிடம் இழுத்துப் போயிருக்கிறீர்கள். எஞ்சினுக்குள் வளைந்த இரும்பைக் காட்டியவர் மூடி இல்லாததையும் காட்டியிருக்கிறார். எஞ்சினோடு வளர்ந்த பிள்ளை நீர். மூடி தானாகக் கழராது என்று உமக்குத் தெரிந்திருக்கும்.

ஓம். நான்தான் கழற்றினேன்.

எஞ்சின் நிற்கவேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. ஒரு பரிசோதனையில் ஒரு விளைவைத்தான் பார்க்கவேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்வேன். எங்கள் கரையோரம் நின்றிருந்தால் அடுத்த நாளும் முயன்றிருப்பான். உங்கள் கரையோரம் நின்றிருந்தால் உம்மிடம் நடந்து வந்திருப்பான். அதனால் நடுவில் நிற்கவேண்டியிருந்தது.

நீர் கோப்பையை வைத்துவிட்டீர். கேளும்.

"அவருக்கு நீந்தத் தெரியாதெண்டு தெரிஞ்சுகொண்டுதானே மச்சாள் செய்தனீங்கள்?"

தெரியும். இந்தத் தெருப் பொடியன்கள் எல்லாரும் தோட்டக் கிணற்றில் குதித்துத்தான் பழகினார்கள். அவனும் போகக் கேட்டு அழுதான். நான் விடவில்லை. நீந்தப் பழகினால் பிள்ளை கிணற்றோடு நிற்குமா? அடுத்தது குளம் என்பான், பிறகு கடல் என்பான். வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?

நீர் எழும்பிவிட்டீர். உம்முடைய குரலில் கோபம் இல்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

"நான் பொலிசுக்குப் போகேல்லை, மச்சாள். அவருக்கும் சொல்லேல்லை. சொன்னால் உடைஞ்சுபோவார். ஆனால் வாற கிழமை மாமா அவரைக் கடலுக்கை இறக்கி நீந்தப் பழக்கப்போறார். அதை உங்களுக்குச் சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்."

இரும் ஆரபி. நீர் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் நேராக விடை சொன்னேன். இது ஒன்றை மட்டும் நீர் எனக்காகக் கேட்கவேண்டும். அவனைக் கடலில் இறக்கவேண்டாம். கடல் விளையாட்டு இல்லை. உங்கள் ஆட்களுக்கு அந்தப் பயம் விட்டுப்போய்விட்டது. எனக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி. தண்ணீரில் அவனுக்கு ஏதும் நடந்தால் என்னால் தாங்கமுடியாது.